சவுண்டுக்கு வந்தவர்

"ஏனுங்க, சவுண்டுக்கு வந்தவர்தானே? அங்க என்ன வேடிக்கை? இந்த ஒயரைப் பிடிங்க!"

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த பென்னி திடுக்கிட்டான். சேலத்திலிருந்து பைக்கில் ஏற்காடு வந்து இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. செம்மநத்தம் சாலையில் இருந்த அந்த காபி எஸ்டேட் விருந்தினர் விடுதியின் வராந்தாவில், தரை முழுக்க ஒயர்களைப் பரப்பிக்கொண்டு மண்டியிட்டிருந்தாள் ஆன்மேரி.

அன்று மாலை வெள்ளக்கடையில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வரவேண்டியவன் பென்னி. பட்டுப்புடவையும் பஜ்ஜியுமாகப் பார்ப்பதற்கு முன்னால், அவள் எப்போதும் எப்படி இருப்பாள் என்று தூர நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான், அன்று மதியம் இந்த விடுதியில் அவள் கச்சேரி என்று தெரிந்து, வீட்டில் சொல்லாமல் முன்கூட்டியே கிளம்பி வந்திருந்தான்.

'இல்லீங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "ஆமாங்க" என்று வந்துவிட்டது.

"லேட்டா வேற வர்றீங்க. கிட்டார்லருந்து வர்ற ஒயரு எக்கோ பெடலுக்குப் போகணும். எக்கோலருந்து லூப்பருக்கு. லூப்பர்லருந்து ஸ்பீக்கருக்கு. சரிங்களா?"

"சரிங்க" என்றான், காலடியில் கிடந்த பெட்டிகளில் எது எக்கோ, எது லூப்பர் என்று தெரியாமல். குத்துமதிப்பாகச் சொருகி வைத்தான்.

அவள் கிட்டாரை மீட்டி, காலால் லூப்பர் பெட்டியை மிதித்தாள். வாசித்தது அப்படியே பதிவாகித் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன்மேல் கிட்டார் உடம்பைத் தட்டித் தாளம் சேர்த்தாள். ஒரே ஆள் இரண்டு பேர் ஆனாள். ஆனால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குழம்பியது.

"எக்கோவைப் பின்னாடி சொருகிட்டீங்களா?"

"ஏனுங்க, முன்னாடின்னா என்ன, பின்னாடின்னா என்ன?"

"சவுண்டுக்காரர் கேக்கற கேள்வியா இது? லூப்பருக்கு முன்னாடி எக்கோ இருந்தா, எந்த வாசிப்புக்கு வேணுமோ அதுக்கு மட்டும் போட்டுப் பதிஞ்சுக்குவேன். பின்னாடி இருந்தா, பதிஞ்ச அத்தனைக்கும் சேர்த்து எக்கோ அடிக்கும். தாளமும் தெரியாது, பாட்டும் தெரியாது."

ஒயரை மாற்றக் குனிந்த பென்னி, மைக் ஸ்டாண்டில் தலையை இடித்துக்கொண்டான். "ஐயோ மாதாவே!"

மைக் திறந்திருந்தது. அந்த மைக்கும் லூப்பருக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. 'ஐயோ மாதாவே... ஐயோ மாதாவே...' என்று ஸ்பீக்கர் விடாமல் அலறியது. காபிக் காட்டிலிருந்து பழம் பறிக்கும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கெஞ்சினான்.

"சுருதி நல்லாத்தான் இருக்குது" என்று அதற்கு மேலேயே கிட்டார் வாசித்தாள் அவள். பென்னிக்கு வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது.

ஒருவழியாக எல்லா ஒயர்களும் சரியான இடம் சேர்ந்தன. கிட்டாரைத் துடைத்தபடி அவளே பேச்சை எடுத்தாள். "சாயந்திரம் என்னைப் பாக்க ஒருத்தரு வர்றாருங்க. சேலத்துல இன்சூரன்ஸ் கம்பெனியில வேலையாம்."

பென்னி முகத்தை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டான். "போட்டோ பாத்தீங்களா?"

"அம்மா நீட்டுனாங்க. நான் எதுக்குப் பாக்கறது? இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பொட்டியெல்லாம் எதுக்குன்னாங்க. நீங்க சொல்லுங்க, உங்க ஊட்டுல ஒருத்தி இப்படி ஒயரைப் பரப்பி வெச்சா என்ன பண்ணுவீங்க?"

பென்னி யோசித்தான். "மொதல்ல கால் தடுக்கி விழுவேனுங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்புறம் எந்த ஒயரு எங்க போவுதுன்னு கேட்டுக்குவேன். பொட்டியைத் தூக்கிப் போடுன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க. நீங்க வாசிக்கறப்ப நொம்ப சந்தோசமா இருக்கறீங்க."

ஆன்மேரி ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு, "நல்ல மனசு உங்களுக்கு. வர்றவரு எப்படியோ! ஆனா ஒண்ணு, பொய் பேசறவங்களைக் கண்டா மட்டும் எனக்கு ஆகாதுங்க" என்று எழுந்து போனாள்.

பனி இறங்கும் ஏற்காட்டுக் குளிரிலும் பென்னிக்கு வியர்த்தது. சாயந்திரம் அம்மாவோடு போய் அவள் வீட்டுச் சோபாவில் எந்த முகத்தோடு உட்கார்வது?

கச்சேரி தொடங்கியது. ஒற்றை ஆளாக அவள் தாளம் போட்டாள், கிட்டார் அடுக்கினாள், தன் குரலுக்குத் தானே துணைக்குரல் பாடினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பென்னியோ ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, எந்த ஒயரும் கழன்றுவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் அவள் முன்னால் போய் நின்றான். இந்த சம்பந்தம் போனாலும் போகட்டும், இனி மறைப்பதற்கில்லை.

"உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணுமுங்க. நான் சவுண்டுக்காரன் இல்லீங்க."

"அப்படீங்களா?" என்று கண்களை விரித்தாள் ஆன்மேரி.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஓர் ஆள் தலையை நீட்டினான்.

"ஏனுங்க ஆன்மேரி, பைக்ல வர்றது போட்டோவுல பாத்த மாப்பிள்ளைன்னு என்னை உள்ள ஒளிச்சு வெச்சீங்களே, டெஸ்ட்ல பாஸாயிட்டாருங்களா? நான் இப்பவாச்சும் வெளிய வரலாமா?"