கம்பிக்கு வெளியே ஒரு கை

மேடவாக்கம் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், பூட்டிய இரும்புக் கம்பிக் கதவுக்கு உள்ளே பெரியவர் கிட்டு நிற்கிறார். முதியோருக்கு வீடு தேடிக் காய்ச்சல் தடுப்பூசி போட வந்திருக்கிறோம், நர்ஸ் ஷாயிஸ்தா அக்காவும் நானும். "சாவிய பையன் ஆபீசுக்கு எடுத்துண்டு போயிட்டான். திருடன் பயமாம்." அக்கா, பெரியவரின் மகனுக்கு ஸ்பீக்கரில் போன் செய்கிறார். "உள்ள சேஃபாதானே இருக்கார்? எண்பது வயசுக்கு மேல ஊசி எதுக்கு மேடம்?" கம்பிக்கு அப்பாலும் அது கேட்கிறது. நான் வாயைத் திறந்தால் சண்டைதான். கீழே தண்ணீர் லாரி இரைகிறது. பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டி, தோள்வரை கம்பிகளுக்கு வெளியே நீட்டுகிறார். "போடும்மா. கைய பூட்டலியே." அக்கா ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்துகிறார். எல்லா வீட்டிலும் சொல்வதுபோல், "அரை மணி நேரம் எங்கயும் போகா..." என்று தொடங்கி, பூட்டைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார்.