பிளேன் எஞ்சின் பூட்டிய ஏ-போட்டி

சாவியைத் திருகுமுன், லண்டனிலிருந்து வந்திருந்த ஜெகதீஸ் கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் கற்பூரம் காட்டித் தேங்காயும் உடைத்தாயிற்று. எங்கள் ஊர் மடத்துவெளியில் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் அவனுடைய அக்கா றஞ்சனியின் வளவுக்குள் வந்து நின்றோம். வடையும் இருந்தது.

கார் அவர்களுடைய தகப்பன் ஓடின ஒஸ்ரின் ஏ-போட்டி, அதாவது ஏ-நாற்பது. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு, பத்துப் பேரை அடைத்துக்கொண்டு, முனகி முனகி என்றாலும் போய்ச் சேர்ந்த கார்.

இப்போது அதன் மூக்கை வெட்டி எறிந்துவிட்டு, லண்டனிலிருந்து கொன்ரெயினரில் வந்த பழைய பிளேன் எஞ்சின் ஒன்றைப் பூட்டியிருந்தான். எஞ்சின் காரை விட நீளம். பார்த்தால், எஞ்சினுக்குப் பின்னால் கார்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டிக்கு யானைத் தலை வைத்த மாதிரி.

லண்டனில் இப்படிப் பழைய கார்களுக்குப் பிளேன் எஞ்சின் பூட்டி ஓட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதாம். படித்த, காசுள்ள ஆட்களாம். நம்பினோம். காசில்லாதவனுக்கு இப்படியெல்லாம் யோசனை வராது.

மணித்தியாலத்துக்கு இருநூறு மைல் போகும் என்றான். போகட்டும். எங்கள் தீவில் அந்த வேகத்தில் வெளிக்கிட்டால், பிரேக்கை மிதிக்க முதல் கடல் தாண்டி நயினாதீவில் நிற்கலாம். லோஞ்சுப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோலுக்கு விடிய விடிய வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால், சந்திக்குப் போய்வர இது ஒரு கான் குடிக்கும் என்று பெருமையாக வேறு சொன்னான்.

போன வருடம் கோயில் கூட்டத்தில், ஊருக்கு ஒரு அம்புலன்ஸ் எடுத்துத் தரும்படி அவனிடம் போனில் கேட்டோம். வாகனம் ஒன்று கட்டாயம் வரும் என்றான். சொன்ன சொல் தவறாதவன்.

கார் தயார். நிறுத்த இடம்தான் இல்லை. கறாச் கட்ட அவனுக்குப் பிடித்தது முற்றத்தில் வேம்புக்குப் பக்கத்து வெறும் நிலம். அதைத்தான் றஞ்சனி தரமாட்டேன் என்றாள். வளவு முழுக்க எடு, அதில் மட்டும் கொங்கிறீற் போடாதே என்றாள். ஏன் என்று கேட்டால், பனங்கிழங்கு கிழித்து ஒடியல் காயப்போட வேண்டும் என்றாள். அந்த இடத்தில் அவள் ஒரு ஒடியல் காயப்போட்டு நாங்கள் கண்டதில்லை.

ஜெகதீஸ் கேட்கிற ஆளா? மேசன் ஏரம்புவைக் கூப்பிட்டு, முளை அடித்து நூலும் கட்டுவித்துவிட்டான். நாளைக்கு அத்திவாரம்.

“அக்கா, ஒருக்கா இந்தச் சத்தத்தைக் கேளுங்கோ. பிறகு நீங்களே சொல்லுவியள், கறாச்சைக் கட்டு எண்டு.”

றஞ்சனி வடைத் தட்டோடு குசினி வாசலில் நின்றாள்.

சாவி திரும்பியது.

முதலில் ஒரு இருமல். பிறகு கரும்புகை. பிறகு அந்தச் சத்தம்.

நான் எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியாது. முகம் ஆட்டுப் புழுக்கைக்குள் இருந்தது. பக்கத்தில் ஐயர், தலையை இரண்டு கையாலும் பொத்தியபடி. அவருக்கு அங்காலே ஓய்வுபெற்ற அதிபர், பாதி வடையை விடாமல். ஏரம்பு கிணற்றுக்கட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தார். மடத்துவெளியில் நாற்பது வயது தாண்டிய அத்தனை பேரும் நிலத்தோடு நிலமாகக் கிடந்தோம். இளசுகள் மட்டும் நின்றபடி எங்களைப் போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள்.

ஜெகதீசும் விழவில்லை. அவன் எண்பத்தைந்தில் லண்டனுக்குப் போனவன். குண்டு போடுகிற பொம்மர் பிளேன் எங்கள் தலைக்கு மேலே வந்தது அதற்குப் பிறகு. அதனால், தன் எஞ்சினை நாங்கள் விழுந்து கும்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டான். கையைக்கூட அசைத்தான், பாவி.

பிறகுதான் அக்காவைத் தேடினான். காணவில்லை என்றதும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

வடைத் தட்டு குசினி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. றஞ்சனி அந்த வெறும் நிலத்தில், மேசனின் நூலுக்குள் கிடந்தாள்.

எங்களைப் போல அவள் குப்புறப் படுக்கவில்லை. முழங்காலையும் முழங்கையையும் ஊன்றி, வயிறு மண்ணில் படாமல், கீழே இடம் விட்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கிடக்கக்கூடிய இடம்.

அன்றைக்கும் இப்படித்தான் மகனை மூடிக்கொண்டு கிடந்தாள். பொம்மர் ஒரு சுற்று அடித்துவிட்டுப் போனது. போய்விட்டது என்று பிள்ளை அவளுக்குக் கீழிருந்து எழும்பி வெளியே ஓடியது. பொம்மர் திரும்பி வந்தது.

சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாத நாள் அது. வேம்புக்குப் பக்கத்தில்தான் குழி வெட்டித் தாட்டோம். லண்டனில் தனியே கிடக்கிறவன் தாங்கமாட்டான் என்று, பிள்ளை காய்ச்சலில் செத்தது என்றே தம்பிக்குச் சொல்லச் சொன்னாள். அவன் இன்றைக்கும் காய்ச்சல் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஜெகதீஸ் நூலைத் தாண்டிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

“அசையாதை, அப்பன். அது திரும்பி வரும்.”

மண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அக்கா தன்னைச் செல்லமாக அப்பன் என்று கூப்பிட்டு எவ்வளவு காலம் என்று ஜெகதீசுக்குக் கண் கலங்கிவிட்டது. கறாச்சுக்குச் சம்மதித்துவிட்டாள் என்றும் நினைத்திருப்பான். அவள் சொன்னபடியே அசையாமல் நின்றான்.

ஏரம்பு எழும்பினார். சாரத்து மண்ணைத் தட்டிவிட்டு, ஒருவரையும் கேட்காமல் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.