பட்டன் ஆடுது

"டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடி பாப்பா. கவுனுக்கு அளக்குறியா, இல்ல என்னை மூட்டை கட்டுறியா?"

ரொட்டிக்கடை அக்கா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா அளந்தாள். அளந்தவள் சும்மா இருந்திருக்கலாம். டேப்பில் இருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

அடுத்து அளவு கொடுக்க உட்கார்ந்திருந்த மருந்துக்கடைப் பெண் களுக்கென்று சிரித்தாள். வந்தது வினை.

"என்னது? அது என் இடுப்பா? உன் டேப் தண்ணில நனைஞ்சு சுருங்கிப்போச்சு!"

"புது டேப்க்கா..."

"அப்ப அதைச் செஞ்சவன் சரியில்ல. இதைப் பாரு." பையிலிருந்து ஒரு நீலக் கவுனை எடுத்து மேசைமேல் போட்டாள் அக்கா. "என் மூத்தவ பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப உங்க அம்மா தைச்சது. இப்ப அவளுக்கே பிள்ளை இருக்கு. இன்னைக்கும் எனக்குக் கச்சிதமா இருக்கு. இதே அளவுக்குத் தைச்சு வை. முடியலேன்னா சொல்லிடு, எதிர்க்கடைக்குப் போறேன். நான் போனா தெருவே என் பின்னால வரும், தெரியுமில்ல?"

தெரியும். போன வருஷம் அம்மா கண்ணை மூடியதிலிருந்தே ஆட்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் போய்விட்டால் அம்மாவின் கடையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்ட வேண்டியதுதான்.

"ஹூம்... உங்க அம்மா கை உனக்கு வரல பாப்பா." போகிற போக்கில் அதையும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாப்பா டேப்பைச் சுருட்டி வைத்தாள். குழந்தை பெற்றும் தெருவுக்கு அவள் பாப்பாதான். அம்மாவோடு அவளை ஒப்பிட்டே பேசிப் பழகிவிட்டார்கள்.

அம்மா லேசுப்பட்டவளா? ஒரு கால் மிஷின் மிதியில் இருக்கும். மறு கால், பேத்தி தூங்குகிற துண்டுத்துணிக் கூடையை ஆட்டிக்கொண்டிருக்கும். நடுவே அடுப்பில் வைத்த உலை பொங்கும் சத்தம் முதலில் கேட்பதும் அவள் காதுக்குத்தான்.

அம்மாவிடம் ஒரே ஒரு குறை. பட்டன்.

பட்டன் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? யார் வந்தாலும், "வச்சுட்டுப் போ, நாளைக்கு வா" என்பாள். அதனாலேயே தெருவில் அவளுக்கு 'நாளைக்கு வா அம்மா' என்று பட்டப்பெயர்.

"ஏம்மா, ஒரு பட்டனுக்கு ஒரு நாளா? மானம் போகுது" என்று பாப்பாவே சண்டை போட்டிருக்கிறாள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு அம்மா சிரிப்பாள், அவ்வளவுதான்.

பாப்பா நீலக் கவுனை விரித்து அளந்தாள். திக்கென்றது. காலையில் டேப் சொன்ன அதே அளவு! ஒரு நூல்கூடக் குறையவில்லை.

அப்படியானால் அக்கா அன்றைக்கே இந்தப் பருமனா? இல்லையே! குச்சி மாதிரி அல்லவா இருந்தாள்!

கவுனை உள்புறமாகத் திருப்பினாள்.

பக்கவாட்டில் தையல் பிரித்த ஊசித் துளைகள், ஒரு கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடாகப் போயின. ஆகக் கடைசியில், கவுனின் நிறத்துக்கு ஒட்டாத வேறொரு நீல நூலில், இப்போதைய தையல்.

'ஏம்மா இவ்வளவு துணியை உள்ளே மடிச்சு வீணாக்குறே?' என்று கேட்டபோது அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

'இருக்கட்டும்டி. பிள்ளைங்க மட்டுமா வளருது?'

பட்டனுக்கு ஏன் ஒரு நாள் என்று இப்போது புரிந்தது. பாப்பா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கூடையில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு, என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தது.

மறுவாரம் அக்கா புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினாள்.

"பார்த்தியா! நான் அப்பவே சொன்னேனே, டேப்தான் சுருங்கியிருந்துச்சுன்னு!"

"ஆமாக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்படி வா வழிக்கு. உனக்கும் உங்க அம்மா கை வந்துருச்சு." நீலக் கவுனை நீட்டினாள். "இதுல ஒரு பட்டன் ஆடுது, தைச்சுக் குடு."

"வச்சுட்டுப் போங்கக்கா. நாளைக்கு வாங்க."

"சரியாப் போச்சு! அந்தக் குணமும் வந்துருச்சா?" தலையில் அடித்துக்கொண்டு, வாசல்வரை போன அக்கா திரும்பினாள். "ஆனா ஒண்ணு பாப்பா. பிள்ளை பெத்தும் நீ அப்படியேதான் இருக்கே. இந்த மஞ்சக் கவுன் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதுதானே?"

"ஆமாக்கா, அம்மா தைச்சது!" பாப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எனக்கு எப்பவும் ஒரே உடம்புவாகு. பாவம், மத்தவங்களுக்குத்தான்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

குழந்தை பிறந்த புதிதில், எந்த உடுப்பும் ஏறாமல் அவள் அழுத நாட்களில், அம்மா அடிக்கடி சொன்னது காதில் விழுந்தது. 'அந்த மஞ்சக் கவுனைக் குடுடி. பட்டன் ஆடுது. நாளைக்குப் போட்டுப் பாரு.'

அக்கா தெரு திரும்பும்வரை காத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். கவுனைக் கழற்றி உள்புறம் திருப்பினாள்.

இரண்டு பக்கமும், வரிவரியாக ஊசித் துளைகள்.

ஆடியதாகச் சொன்ன பட்டனில் மட்டும், அம்மா முதன்முதலில் தைத்த அதே சிவப்பு நூல்.