ஜன்னல் திரைக்குப் பல்லி சொன்ன சாட்சி

தண்டபாணி வீட்டு ஜன்னலில் இருந்த மோட்டார் திரை அன்று இறங்க மறுத்தது. மேற்கு வெயில் நேராக அவர் கண்ணில் அடித்தது. திரைச் சுருளுக்குள் முட்டையிட்டிருந்த பல்லியோ, மோட்டாரின் சென்சாரை வாலால் மறைத்துக்கொண்டு ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. திரை இறங்கினால் முட்டைகள் தரையில்தான்.

திரைக்குக் கட்டளையிடும், அலமாரியிலிருந்த ஸ்மார்ட் பெட்டி, "நான் எப்பவோ ஆர்டர் அனுப்பிட்டேன். இனிமே மோட்டார் பாடு," என்றது.

"ச்சு, ச்சு," என்றது பல்லி.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு."

மோட்டாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு எதுவும் வந்து சேரல. பெட்டி புளுகுது."

பல்லி அதற்கும் "ச்சு, ச்சு" என்றது. இரண்டுக்கும் பரம திருப்தி. திரை மட்டும் இறங்கவில்லை.

பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்த தண்டபாணி, கடைசியில் கொடியில் கிடந்த பழைய லுங்கியை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகினார். அறை இருண்டது. முட்டைகள் பிழைத்தன என்று பல்லி பெருமூச்சு விட்டது.

இருட்டைக் கண்டதும் பெட்டி அவர் போனுக்குத் தகவல் அனுப்பியது: "திரை வெற்றிகரமாக இறக்கப்பட்டது."

"என் உழைப்பு," என்றது மோட்டார்.

இரண்டும் பல்லியைப் பார்த்தன. அதற்கு மட்டும் பல்லிக்கு வாய் வரவில்லை.