புலியின் வேகம்

எங்கள் ஆபீஸில் தயாராகும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது என் மாமனாரின் வேலை. பழைய கம்ப்யூட்டரில், புலி வேட்டை விளையாட்டில் அவர் ஒரு கொட்டாவி விட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுட்டாலும் புலி சாகும்.

புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு புதிய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அன்று அவர் விரலைத் தூக்குவதற்குள் புலி அவரை நாற்பது முறை தின்றுவிட்டது.

"புலி ரொம்ப வேகமா ஓடுது சார். விளையாட்டுலதான் தப்பு" என்றார்.

"அதே புலிதானே பெரியவரே?" என்றார் மேனேஜர். "தப்பு விளையாட்டுல இருந்தா எழுதினவர் வீட்டுக்குப் போகணும். உங்க கையில இருந்தா நீங்க போகணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"மாமாவுக்குக் கொஞ்ச நாளாவே கை நடுங்குது சார். நேத்து பூட்டுல சாவியைப் போடவே பத்து நிமிஷம் ஆச்சு."

மாமா தன் கையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது நடுங்கத் தொடங்கியது.

அன்று மாலை, வேலை போய் வீட்டுக்கு வந்தவர் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார். "இனிமே நான் ஓட்டக் கூடாது. நீங்க எழுதின விளையாட்டைப் போய்க் குத்தம் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க மாப்ளே."

பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆபீஸுக்குப் போனேன். கம்ப்யூட்டரின் வேகத்துக்கே புலியும் ஓடும்படி புரோகிராமில் நான் எழுதியிருந்த வரியை மாற்றினேன். புதிய கம்ப்யூட்டருக்கு இருபது மடங்கு வேகம். அது எனக்கு முந்தின நாள் புலியின் முதல் பாய்ச்சலிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது என் ஐந்து வயது மகள்கூட அந்தப் புலியைச் சுட்டாள். சுட்டுவிட்டு, "இதுகூட தாத்தாவுக்கு வரலையாப்பா?" என்று கேட்டாள்.

"வயசாயிடுச்சும்மா" என்றேன்.