நிழலில் வளர்ந்த கீரை

நாலாவது முறையும் அவள் புருஷன் போனை எடுக்கவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓடுகிற நேரம். போன் அலமாரிக்குள் தூங்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

மிச்சமிருந்த கீரைத்தண்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த தாவர ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினாள். காலில் ஒரு செருப்பு அவளுடையது, இன்னொன்று புருஷனுடையது.

"சார், இது விஷமான்னு பாருங்க! அவருக்குச் சமைச்சுக் கொடுத்தனுப்பிட்டேன்!"

அதிகாரி தண்டை வாங்கிப் பார்த்தார். "அட, மறுபடியும் இதுவா? முதல்ல உக்காருங்கம்மா. விஷம்னு யாரு சொன்னது?"

"பக்கத்து வீட்டு அக்கா. இதே மாதிரி விஷச்செடி ஒண்ணு இருக்காமே! வாசல்ல இருக்கற கீரைக்கு இலை ஒல்லியா இருக்கு. இது பாருங்க, உள்ளங்கை அகலம்!"

"எங்க வளர்ந்தது?"

"வீட்டுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டி நிழல்ல. அவர்தான் ஆசையா நட்டார். 'நீ தொடாதே, ஒருநாள் நானே பறிச்சு உனக்குச் சமைச்சுப் போடறேன்'னு சொல்லிட்டே இருந்தார். நான்தான் முந்திக்கிட்டு அவரை அசத்தலாம்னு..."

அதிகாரி லென்ஸை எடுத்தார். "ரெண்டும் அக்கா தங்கச்சிம்மா. வெயில்ல வளர்ந்தா பார்த்ததும் சொல்லிடலாம். நிழலும் ஈரமும் கிடைச்சா ரெண்டுக்குமே இலை இப்படி விரிஞ்சிடும். அப்போ கணுவைத்தான் பார்க்கணும். அங்க சுணை, அதான் பொடிப்பொடியா முடி மாதிரி, இருந்தா விஷம்."

தண்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"வழவழன்னு இருக்கு. நல்ல கீரைதாம்மா. தாராளமா சாப்பிடட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள்.

"நேத்தும் ஒருத்தர் இதையே கொண்டு வந்தாரும்மா," என்றார் அதிகாரி. "தண்ணித் தொட்டி நிழல்ல அவரே நட்டதாம்."

"எங்க வீட்டுக்காரர்தான் சார் அது!" அவளுக்கு முகமெல்லாம் பூரித்தது. "எனக்குச் சமைச்சுப் போடறதுக்கு முன்னாடி, விஷமா இருந்துடுமோன்னு பயந்து வந்திருக்கார்!"

அதிகாரியின் சிரிப்பு மெல்ல நின்றது.

"இல்லம்மா... விஷம் இல்லைன்னதும், அவர் முகம் தொங்கிப் போச்சு."