ஆழத்தில் அடித்த மணி

“நாளைக்கு அந்தக் கப்பல் மணியோடதான் மேல வருவேன். அதுவும் உன் கையுறையைப் போட்டுக்கிட்டு!”

சொல்லிக்கொண்டே ஒட்வார், முக்குளிப்போர் சங்கக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்திருந்த மஞ்சள் ரப்பர் கையுறையைப் பிடுங்கினான். அதற்குக் கீழே பெயிண்டில் எழுதியிருந்தது: ‘ஸ்டைனாரின் வீரம்.’

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த ஸ்டைனார் சிரித்தான். முப்பது வருஷமாக அந்தச் சிரிப்புதான் அவன் பதில்.

“போகாதேடா. பிப்ரவரி மாசத் தண்ணி. அம்பது மீட்டர் ஆழம். நமக்கும் அறுபது தாண்டியாச்சு. தனியா வேற போறேங்கிறே.”

“உன்னைக் கூட்டிட்டுப் போனா பாதியில திரும்பணுமே!”

மேற்கு நார்வேயின் அந்தச் சின்ன ஊரில் இந்தக் கிண்டல் எல்லோருக்கும் மனப்பாடம்.

முப்பதைத் தாண்டிய வயதில் இருவரும் சேர்ந்துதான் மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டின் அடியில் கிடந்த பழைய கப்பலைத் தேடிப் போனார்கள். கப்பலின் மணி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அந்த நேரம் பார்த்து ஸ்டைனாரின் கையுறை கிழிந்து பனித்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. ஒட்வார் மணியை விட்டுவிட்டு நண்பனைப் பிடித்து மேலே கொண்டுவந்தான்.

அன்றிலிருந்து ஒட்வார் வீரன், ஸ்டைனார் தொடைநடுங்கி. ஸ்டைனாருக்கு மிஞ்சியது மரத்துப்போன இரண்டு விரல்கள். குளிர்காலத்தில் சட்டைப் பித்தான் போடக்கூட இடது கைதான்.

“உனக்கு ஞாபகம் இருக்காடா?” ஒட்வார் கண்ணை மூடிக்கொண்டான். “தங்கமா ஜொலிச்சுது. என்னைப் பாத்ததும் டாண், டாண்னு அடிச்சுது. அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல. என் பெண்டாட்டி சிக்ருன்கிட்ட சொல்லித் தொலைச்சிடாதே!”

“சொல்ல மாட்டேன். நீ முதல்ல அந்த வாஃபிளைத் தின்னு. ஆறுது.”

“இரு, இதை ஒட்டிட்டு வரேன்.”

பசையையும் ரப்பர் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கையுறையைத் திருப்பினான். இத்தனை வருஷமும் சுவரைப் பார்த்தே இருந்த உள்ளங்கைப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது.

கிழிசலைத் தடவிய ஒட்வாரின் விரல் நின்றது.

அவன் வாழ்நாளில் எத்தனையோ கையுறைகளுக்கு ஒட்டுப் போட்டவன். இரும்பில் மாட்டிக் கிழிந்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

“இது கிழிஞ்சதில்ல. கத்தியால அறுத்தது.”

ஸ்டைனார் காபியை ஒரு வாய் குடித்தான்.

“யாரு அறுத்தா?”

“நான்தான்.”

ஒட்வாருக்கு முகம் சிவந்தது. “திரும்பி வரதுக்குச் சாக்கா? பயந்தா பயந்தேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா! உன்னால ஒரு மணி போச்சு எனக்கு!”

“பயந்தேன். பயந்துதான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். ‘போதும், மேல போகலாம்’னு. நாலஞ்சு தடவை காட்டினேன். நீ பாத்தியா?”

“எப்போ? நீ காட்டவே இல்லையே!”

“காட்டினேன். நீ சிரிச்சே. அப்புறம் உன் வாயில இருந்த காத்துக்குழாயைக் கழட்டி, அந்த மணிக்கு ஊட்டி விடப் போனே. நான் பிடிச்சு மறுபடி உன் வாயில திணிச்சேன்.”

“போடா. எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. மணி அடிச்சுது. என் காதால கேட்டேன்.”

ஸ்டைனார் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“ஒட்வார், அந்த மணிக்கு நாக்கே கிடையாதுடா.”

வெளியே படகுத் துறையில் பனி விழுந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் ஒட்வார்தான் வகுப்பெடுப்பான்: அந்த ஆழத்தில் மூச்சுக்காற்றே சாராயமாகிவிடும், குளிர் சேர்ந்தால் போதை இன்னும் ஏறும், ஏறியது ஏறியவனுக்கே தெரியாது. அது தனக்கும் நடந்திருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

“முப்பது வருஷமா ஏண்டா சொல்லல?”

“மணி அடிச்சுதுன்னு சொல்றப்போ உன் மூஞ்சியைப் பாக்கணும்டா. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். எப்படிச் சொல்றது? நாளைக்கு நீ மறுபடி கிளம்பலேன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்.”

ஒட்வார் கதவோரம் தயாராக நிறுத்தியிருந்த சிலிண்டரைப் பார்த்தான். பிறகு நண்பனின் வெளுத்துப்போன இரண்டு விரல்களைப் பார்த்தான்.

மெல்லக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். போதும்.

ஸ்டைனார் பெருமூச்சு விட்டான். வாஃபிள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினான்.

“ஆனா, நான்தான் உன்னைக் காப்பாத்தினேன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேடா. அவ்வளவும் பொய்யா?”

“பொய்யில்லடா. நீதான் என்னைப் பிடிச்சு மேல கொண்டுவந்தே. உனக்கு ஆபத்துன்னா நீ மேல வர மாட்டே. எனக்கு ஆபத்துன்னா நீ வந்துடுவேன்னு தெரியும். அதான் அறுத்தேன்.”